இலவச மின்சாரம், மீட்டர், சோலார் பம்பு: கிணற்றுப் பாசனத்துக்கு எது உதவும்?

கேள்வி இதுதான்: "பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுப்பதால்தான் நிலத்தடி நீர் வற்றுகிறது, மின்வாரியமும் நட்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். மீட்டர் வைத்துக் காசு வாங்கினால் சரியாகிவிடுமா? அல்லது எல்லோருக்கும் சோலார் பம்பு கொடுத்துவிட்டால் போதுமா?"

இரண்டில் எதுவும் தனியாக நின்று பலன் தராது. கிணறு வைத்திருப்பவர் எப்போது மோட்டார் போடுகிறார், எவ்வளவு நேரம் விடுகிறார், என்ன பயிர் வைக்கிறார் என்பதை யூனிட் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது, என்ன வோல்டேஜில் வருகிறது, மிச்சம் பிடித்தால் அவர் கைக்கு என்ன வருகிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தியாவில் தமிழ்நாடு, குஜராத், மேற்கு வங்கம், பஞ்சாப் என்று நான்கு மாநிலங்களும் நான்கு வழியில் போயிருப்பதால், ஊகமாக இல்லாமல் நடந்ததை வைத்தே பேசலாம்.

முதலில் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 அடி உயரம் தூக்க இயற்பியல்படி 0.083 யூனிட் போதும். ஆனால் நம் தோட்டங்களில் ஓடும் பழைய மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் சேர்ந்தால், இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாறுகிறது. எனவே ஆயிரம் லிட்டருக்கு 100 அடிக்குக் கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். தண்ணீர் மட்டம் 100 அடியில் இருந்தால் ஒரு தண்ணீருக்கு 50 யூனிட். 400 அடியில் இருந்தால் 200. 800 அடிக்குப் போய்விட்டால் 400 யூனிட்.

இதை விலையாக மாற்றிப் பாருங்கள். யூனிட் 6 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 400 அடி போரிலிருந்து ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் 1,200 ரூபாய். இருபது தண்ணீர் கட்டும் பயிருக்கு மின்சாரச் செலவு மட்டும் 24,000 ரூபாய். நெல் வைத்தவருக்கு அதன் பிறகு கையில் என்ன நிற்கும்? நாளையே மீட்டர் வைத்து முழு விலையும் வாங்குங்கள் என்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மறுபக்கமும் உண்டு. 100 அடியில் தண்ணீர் எடுப்பவருக்கும் 800 அடியில் எடுப்பவருக்கும் பில் ஒன்றுதான், பூஜ்யம். தண்ணீர் கீழே போகப் போகச் செலவு எட்டு மடங்காகிறது என்ற எச்சரிக்கை விவசாயியை வந்தடைவதே இல்லை. அது மின்வாரியத்தின் கணக்கில் போய் ஒளிந்துகொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சலுகை ஒரே நாளில் வந்ததல்ல. காசுக் கணக்கில் உயர்த்தப்பட்ட மின்கட்டணத்தை எதிர்த்துக் கொங்குப் பகுதி விவசாயிகள் போராடினார்கள். 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தை மாட்டு வண்டிகள் நிறைத்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. தேர்தல் இனாம் என்று இதைச் சுருக்கிப் பேசுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். இலவசம் என்றாலும் இணைப்புக்குள் நுழையும் செலவு சின்னதல்ல. வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் தட்கல் திட்டத்தில் 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சமும் 10 எச்.பி.க்கு மூன்று லட்சமும் கட்டி இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். போர் போட்ட செலவும், தண்ணீர் விழாமல் போன போர்களின் செலவும் தனி.

இனி விலையை விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். விநியோகத்தின் தரம். இலவசமாகத் தரும் பொருளின் தரத்தைக் கேட்க விவசாயிக்கு வாய் இல்லாமல் போனது, இந்தக் கொள்கையின் மிகப் பெரிய சேதம் என்று நினைக்கிறேன்.

தோட்டங்களுக்கு நடுவே நிற்கும், 63 கே.வி.ஏ. திறன் கொண்ட ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் அதன் தாழ்வழுத்தப் பக்கம் ஒரு பேஸுக்கு 84 ஆம்பியர் தாங்கும். 5 எச்.பி. மோட்டார் ஒன்று 8 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால் பத்து மோட்டார் ஓடலாம். ஆனால் தண்ணீர் மட்டம் இறங்கியதும் 5 எச்.பி. என்று அனுமதி வாங்கியவர் ஏழரையோ பத்தோ இறக்கிவிடுகிறார். அனுமதி கேட்டால் காலதாமதம், பணம். கேட்காவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஏட்டில் பத்து மோட்டார் 50 எச்.பி., களத்தில் 80 எச்.பி. டிரான்ஸ்பார்மருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சூடாகிறது. லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வருகிறது.

340 வோல்டில் என்ன நடக்கும்? மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 415-க்கு 340 என்றால் விசை மூன்றில் இரண்டாகச் சுருங்கும். அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் 20 சதவீதம் கூடினாலே காயிலில் சூடு 44 சதவீதம் கூடுகிறது. இன்சுலேஷன் கருகி, ஒரு நாள் மோட்டார் நின்றுவிடும். கழற்றி, கப்பி வைத்துத் தூக்கி, ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், திரும்ப இறக்கும்வரை பயிர் காத்திருக்காது. கம்பியின் கனத்தையோ சுற்றுகளையோ மாற்றிக் கட்டியிருந்தால் மோட்டாரின் திறனும் குறைகிறது. அதே தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மின்சாரம். ஆண்டுக்கு இரண்டு முறை காயில் கட்டுபவர் அந்தச் செலவைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அவர் மின்சாரத்துக்கு நல்ல விலையே கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். பணம் போய்ச் சேரும் இடம்தான் வேறு.

இன்னொன்று, ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நேரம் பிரித்து வரும் ஊர்களில் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாது. பாதி நேரம் இரவில் வரும். பாம்பும் காட்டுப்பன்றியும் திரியும் இருட்டில் போய் சுவிட்ச் போட யாருக்கும் மனம் வராது. ஆகவே பம்பு அறைச் சுவரில் ஒரு பெட்டி, கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கும். நனைந்த வயலிலேயே தண்ணீர் விடிய விடியப் பாயும். இதைப் பொறுப்பின்மை என்று சொல்வது சுலபம். நாளைக்கு வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளத்தான் செய்வார்.

ஆட்டோ பெட்டியில் பொறியியல் சிக்கலும் இருக்கிறது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கரண்ட் வந்த நொடியில் பத்து மோட்டார் ஒன்றாகக் கிளம்பினால் 84 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் 400 ஆம்பியர் பாயும். ஃபியூஸ் போகும். லைன்மேன் வருவதற்குள் யாரோ ஃபியூஸ் கேரியரில் இரண்டு மூன்று கம்பியை முறுக்கிப் போடுவார்கள். அடுத்த முறை ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். மூன்றில் ஒரு பேஸின் ஃபியூஸ் மட்டும் போனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் இரண்டு பேஸில் முனகி எரியும். இதற்குத் தீர்வு பெரிய செலவில்லாதது. ஆட்டோ பெட்டியில் தாமத டைமர் வைத்து, ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி ஒருவருக்கு இரண்டு நிமிடம், அடுத்தவருக்கு நான்கு, அதற்கடுத்தவருக்கு ஆறு என்று பிரித்து வைத்தால் போதும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் தடுப்பானைக் கழற்றாமல் இருக்க வேண்டும். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர்., ஏழரைக்கு 3 என்ற அளவில் கெப்பாசிட்டர் போட்டால் லைனில் ஆம்பியர் குறைந்து வோல்டேஜ் சற்று நிமிரும். எல்லோரும் போட்டால்தான் பலன்; ஒருவர் மட்டும் போட்டால் அவருக்கே பெரிதாகத் தெரியாது. அதனால்தான் யாரும் போடுவதில்லை.

குழாயையும் கவனியுங்கள். உராய்வு இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக மாற்றினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு மூன்றில் ஒன்றாகிவிடும். மின்சாரத்துக்குக் காசு கொடுப்பவர் இதை முதலிலேயே செய்வார். காசு கொடுக்காதவருக்குக் குழாய் விலை மட்டும் கண்ணில் படும். ஐந்து நட்சத்திர பம்பு வாங்கும் விஷயத்திலும் அப்படியே.

சரி, மீட்டர். 2003 மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக் கூடாது என்கிறது. 65-வது பிரிவு மாநில அரசு மானியம் தர விரும்பினால் அந்தத் தொகையை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. நடைமுறை நாம் அறிந்ததே. மீட்டர் இல்லாத இடத்தில் விவசாயம் எவ்வளவு எடுத்தது என்பதை மாதிரி மீட்டர்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். இந்த மதிப்பீட்டுக்குள் திருட்டும் லைன் இழப்பும் சேர்ந்து நுழைந்துவிட முடியும். விவசாயியின் பேரில் எழுதப்படும் யூனிட் எல்லாம் விவசாயி எடுத்ததுதானா என்று சொல்ல வழியில்லை. எனவே அளப்பது விவசாயிக்கு எதிரானது அல்ல. அவர் மேல் விழும் பழியில் எவ்வளவு உண்மை என்று தெரிய அளவு வேண்டும். மீட்டரை ஒவ்வொரு கிணற்றிலும் வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பீடரிலும் (துணைமின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) டிரான்ஸ்பார்மரிலும் வைத்தாலே முக்கால்வாசிக் கேள்விக்கு விடை கிடைக்கும், ஒரு வீட்டு வாசலிலும் சண்டை வராது.

குஜராத் அந்த வழியில்தான் போனது. 2003-ல் தொடங்கி 2006-க்குள் முடித்த ஜோதிகிராம் திட்டத்தில் பம்புசெட் பீடரை ஊர் பீடரிலிருந்து பிரித்தார்கள். ஊருக்கு 24 மணி நேரம். மோட்டாருக்கு 8 மணி நேரம், முழு வோல்டேஜ், நேரம் முன்கூட்டியே அறிவித்து. விலையை உயர்த்தும் சண்டையை விட்டுவிட்டு நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். மோட்டார் எரிவது குறைந்தது. ஊருக்குள் மாவு மில், தையல், வெல்டிங் பட்டறை எல்லாம் நாள் முழுக்க ஓடின. மானியச் சுமை குறைந்தது. ஆனால் ஒரு கூட்டம் அடி வாங்கியது. சொந்தக் கிணறு இல்லாமல் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைதாரர்கள்தான் அவர்கள். எட்டு மணி நேரத்தில் கிணற்றுக்காரருக்கே போதாதபோது விற்க என்ன இருக்கும்? குஜராத்தின் ஆனந்த் நகரில் இருந்து பாசனத்தை ஆராய்ந்த துஷார் ஷா இந்தத் திட்டத்தை உயர்வாக மதிப்பிட்டவர். இந்தக் குறையையும் அவரே எழுதினார்.

மேற்கு வங்கம் எதிர்த்திசையில் போனது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. 2007 முதல் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு நேரவாரி மீட்டர் வைத்தார்கள்: மாலை 5 முதல் இரவு 11 வரை அதிக விலை, பிறகு விடியும்வரை மலிவு. அதற்கு முன் ஆண்டுக்கு இவ்வளவு என்று பெரிய தொகை கட்டிய பம்புக்காரர்கள் அந்தப் பணத்தை மீட்க, கோடை நெல்லுக்கு அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தண்ணீர் விற்றார்கள். போட்டியில் விலை கட்டுக்குள் இருந்தது. மீட்டர் வந்ததும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செலவு தெரிந்தது. தண்ணீர் விலை ஏறியது. பம்புக்காரருக்கு லாபம், தண்ணீர் வாங்கிய சிறு விவசாயிக்கு நட்டம். அதிதி முகர்ஜி குழுவினரின் ஆய்வில் தெளிவாகத் தெரிந்த விஷயம் இது. மீட்டர் நியாயமானது, ஆகவே ஏழைக்கு நல்லது என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் வங்கத்தைப் பார்க்க வேண்டும்.

பஞ்சாப் கதை இன்னும் சிக்கல். 1997-ல் இலவச மின்சாரம் வந்தது. ஆண்டுதோறும் மழையும் கால்வாயும் ஊட்டும் நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உறிஞ்சும் மாநிலம் அது. ஆனால் இலவச மின்சாரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். விளைந்த நெல்லை முழுக்க ஆதார விலைக்கு எடுத்துக்கொள்ளும் அரசுக் கொள்முதல் இருக்கும்வரை விவசாயி நெல்தான் நடுவார். 2009-ல் சட்டம் போட்டு ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றார்கள். கொளுத்தும் வெயிலில் ஆவியாகும் தண்ணீரை மிச்சப்படுத்த அது உதவியது. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்கக் கிடைக்கும் இடைவெளி சுருங்கியது; வைக்கோலைக் கொளுத்துவது நவம்பர் தொடக்கத்தில் குவிந்தது. நீருக்காகப் போட்ட விதி காற்று மாசில் வந்து விடிந்தது.

2018-ல் அதே பஞ்சாப் ஒரு நல்ல சோதனையும் செய்தது. தேர்ந்தெடுத்த பீடர்களில், விரும்பிச் சேரும் விவசாயிக்கு மோட்டார் எச்.பி.யைப் பொறுத்து ஒரு யூனிட் அளவு ஒதுக்கினார்கள். அதற்குக் குறைவாக எடுத்தால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கூடுதலாக எடுத்தால் பில் கிடையாது. மீட்டரைப் பணம் பறிக்கும் கருவியாகப் பார்த்தவர்களிடம் அது பணம் தரும் கருவியாகப் போனது. தமிழ்நாட்டுக்கும் முதலில் முயல வேண்டிய வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 400 அடி போரில் ஒரு தண்ணீரை மிச்சம் பிடித்தால் ஏக்கருக்கு 200 யூனிட், 800 ரூபாய். சொட்டுநீர் போட மனசு வருவதற்கு அது போதுமான காரணம்.

இனி சோலார். 2019-ல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில் தனி சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் தருவது அடிப்படை ஏற்பாடு. மானியக் கணக்கு ஏழரை எச்.பி. வரைக்குமான விலையில் நின்றுவிடும். 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல் வைப்பார்கள். நல்ல வெயில் நாளில் 160 அடி ஆழத்திலிருந்து 60 முதல் 70 ஆயிரம் லிட்டர் எதிர்பார்க்கலாம். 2 லட்சம் லிட்டர் வேண்டும் என்றால் ஓர் ஏக்கருக்கு மூன்று நாள். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வாய்க்கால் கடைசிவரை தண்ணீர் போய்ச் சேராது. எனவே தொட்டியோ சொட்டுநீரோ இல்லாமல் சோலார் வைப்பதில் பாதிப் பலன்தான். மேகம் கவிந்த நாளில் 600 அடி போரில் பம்பு சுழலும், தண்ணீர் மேலே ஏறாது. தூசி படிந்த பேனலை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் மின் உற்பத்தி இறங்கும். கன்ட்ரோலர் பழுதானால் உள்ளூர் எலக்ட்ரீசியன் கை வைக்க முடியாது. விற்ற நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பும், ஆள் வருவதற்கான கால அளவும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எங்கே கொடுப்பது என்பதில் நாடு தலைகீழாக நடக்கிறது. டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவருக்குத்தான் சோலாரால் உடனடி விடுதலை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் சிறு விவசாயி படும் பாடு அதிகம். அங்கே தண்ணீரோ 30 அடியில் கிடக்கிறது. அந்த நிலத்துக்குச் சோலார் பம்பு பொருத்தம். ஏற்கெனவே வற்றிய கடினப்பாறைப் பகுதியில் தனி சோலார் பம்பு கொடுப்பது, பகல் முழுக்கச் செலவே இல்லாமல் உறிஞ்ச இன்னொரு வழியைத் திறந்துவிடுவது. இலவச மின்சாரத்திலாவது நேரக் கட்டுப்பாடு இருந்தது.

அப்படிப்பட்ட பகுதியில் கிரிடோடு, அதாவது மின்வாரியத்தின் லைனோடு, இணைத்த சோலார்தான் சரி. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில், டீசலில் இறைத்துக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 2016-ல் மின்நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். இறைத்தது போக மீதி மின்சாரம் யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்பனை. தண்ணீருக்குத் தேவை இல்லாத நாளிலும் பேனல் வருமானம் தந்தது. அவ்வளவும் உறிஞ்ச வேண்டும் என்ற அவசரம் குறைந்தது. இதைத் தனித்தனிக் கிணற்றில் செய்வதைவிட, துணைமின் நிலையத்துக்கு அருகே ஒன்றிரண்டு மெகாவாட் வைத்துப் பம்புசெட் பீடர் முழுவதையும் பகல் மின்சாரத்துக்கு மாற்றுவது மலிவு. இரவில் தோட்டத்துக்குப் போகும் அவலமும் அதோடு ஒழியும். அந்தப் பீடரில் பஞ்சாப் பாணியில் மிச்ச யூனிட்டுக்குப் பணமும் சேர்த்தால், நிலத்தடி நீருக்கு முதல் முறையாக ஒரு விலை கிடைக்கும், அந்த விலையை விவசாயி வாங்குவார்.

இது உடையக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: பணம் எப்போது வரும் என்பது. நட்டத்தில் ஓடும் மின்வாரியத்திடம் ஆறு மாதம் நிலுவை நின்றுவிட்டால் விவசாயி மீட்டரை மறந்து பழையபடி தண்ணீர் விடத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தொகை மின்வாரியத்தின் பொதுக் கணக்கைத் தொடாமல், அரசு முன்கூட்டியே கட்டி வைத்த தனிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போக வேண்டும். மின் அளவை டிரான்ஸ்பார்மர் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் விவசாயிகளுக்கு இருக்க வேண்டும். தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிர் செய்பவரின் பேரையும் பதிவேட்டில் ஏற்றி, மிச்சத் தொகையில் அவருக்கும் பங்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.